பின்னால் நின்றவர்கள்

1966ஆம் வருஷம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பித்து, மூன்று பருவங்கள் நடந்து, 79 அத்தியாயங்களோடு நின்றுபோன ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில், என்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறையில் கேப்டன் கிர்க் தம்முடைய நாற்காலியில் அமர்ந்து கிரகங்களின் தலைவிதியை நிர்ணயித்துக்கொண்டிருக்கும் சமயங்களில், அவருடைய தோளுக்கு அப்பால், காமிராவின் கூர்மை எட்டாத ஓர் இடத்தில், மினுக்கும் விளக்குகள் பதித்த பலகையொன்றின் முன் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை; அவரும் சொல்வதில்லை. கலம் குலுங்கினால் மற்றவர்களோடு சேர்ந்து அவரும் ஒரு பக்கம் சாய்வார். குலுக்கம் நின்றதும் மறுபடி பலகையைப் பார்த்துக் குனிந்துகொள்வார். தொடரின் பிரதான பாத்திரங்களில் ஒருவராக உலகம் அறிந்திருக்கும் செகாவ் இரண்டாம் பருவத்தில்தான் வந்து சேர்ந்தார் என்பதையும், இந்தப் பலகை மனிதரோ ஐம்பதுக்கு மேற்பட்ட அத்தியாயங்களில் தட்டுப்படுகிறார் என்பதையும் சேர்த்து யோசித்தால், கண்ணில் படுவதற்கும் கவனத்தில் படுவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

அவர் பெயர் எட்டி பாஸ்கி. படப்பிடிப்பில் அவருக்கு வாய்த்த உத்தியோகம் நடிப்பதே அல்ல. ஒரு காட்சிக்கு விளக்குகளை அமைத்துச் சரிபார்க்கும் நேரம் முழுவதும் கதாநாயகரைக் கால்கடுக்க நிறுத்திவைப்பது வழக்கமில்லை. உயரத்திலும் உடல்வாகிலும் அவரை ஏறத்தாழ ஒத்த ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தி, ஒளியையும் நிழலையும் அவர்மேல் பரீட்சை செய்து பார்த்துவிட்டு, எல்லாம் திருப்தியான பிறகே கதாநாயகரை அழைப்பார்கள். கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்காக அப்படி நின்றவர் பாஸ்கி. எப்படியும் தினந்தோறும் வருகிற மனிதர், ஒரு சீருடையையும் மாட்டிவிட்டால் பின்வரிசைக்கு ஓர் ஆள் கிடைத்தாற்போல ஆயிற்று. பிற்பாடு வசனத்தில் அவரை விளிப்பதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தபோது லெஸ்லி என்று வைத்தார்கள். ஷாட்னருடைய மகளின் பெயரிலிருந்து அது வந்தது என்று சொல்வதுண்டு. பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் காதில் அந்தப் பெயர் விழுந்தே இராது.

ஒரு தடவை இந்த மனிதரை அடையாளம் கண்டுகொண்டவர்களுக்கு, அதற்குமேல் அவரைக் கவனியாமல் தொடரைப் பார்ப்பது இயலாத காரியமாகிவிடுகிறது. இன்று சிவப்புச் சட்டை, இன்னொரு நாள் மஞ்சள். இங்கே காவலாளி, அங்கே சுக்கான் பிடிப்பவர். ‘அப்செஷன்’ என்ற அத்தியாயத்தில், மேகம்போல் வரும் ஜந்து ஒன்று ரத்தத்தை உறிஞ்சிவிட, சகாக்களோடு மாண்டு விழுந்தவர், அதற்குப் பிந்திய அத்தியாயங்களில் ஒன்றுமே நேராததுபோல் தம் ஸ்தானத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார், கேட்பாரில்லை. இவற்றையெல்லாம்விட என் மனத்தைத் தொட்டது 1967இல் வந்த ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ என்ற அத்தியாயம்தான். கிர்க் 1930களின் நியூயார்க் நகருக்குப் பின்னோக்கிப் போய், ஈடித் கீலர் என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்து, அவள் விபத்தில் இறந்தால்தான் உலக யுத்தத்தின் முடிவும் தம்முடைய எதிர்காலமும் சரியாக அமையும் என்று அறிந்து, அவளைக் காப்பாற்றப் பாயும் நண்பரைத் தாமே பிடித்து நிறுத்துகிறார். தெருவைக் கடக்கும் அவள்மேல் ஒரு லாரி மோதுகிறது. அந்தத் தொடரிலேயே மிகவும் துயரமான கணம் என்று அநேகர் ஒப்புக்கொள்ளும் அந்தக் கணத்தில் லாரியை ஓட்டி வருகிறவர் பாஸ்கி. பிரபஞ்சத்தின் சரித்திரத்தை நேர்செய்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், கிர்க்குக்கு இணையாக, முகம் சரியாகத் தெரியாத அந்த ஓட்டுநரையும் சொல்ல வேண்டியதுதான்.

அவருடைய கையும் ஒரு தனி நடிகராக வேலை செய்திருக்கிறது. தலைமைப் பொறியாளர் ஸ்காட்டாக நடித்த ஜேம்ஸ் டூஹன், 1944ஆம் வருஷம் நார்மண்டிக் கடற்கரையில் கனடாப் படையோடு இறங்கிய நாளில் வலக்கை நடுவிரலை இழந்தவர். காமிரா அந்தக் கையை அருகில் காட்ட வேண்டிய சமயங்களில் வேறொருவர் கையை வைத்துப் படம் எடுத்தார்கள். அப்படிக் கை கொடுத்தவர்களில் பாஸ்கியும் ஒருவர். பெயருள்ள பாத்திரத்தின் உடம்பில் பெயரில்லாதவருடைய கை ஒட்டிக்கொண்டிருப்பதை நாம் இத்தனை காலமும் பார்த்திருக்கிறோம்.

இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து, இன்ன அத்தியாயத்தில் இன்ன கதவருகே நின்றவர் இன்னார் என்று ஜாபிதா தயாரிப்பதைத் தங்கள் ஓய்வு வேளைக்குரிய காரியமாக வரித்துக்கொண்ட ரசிகர்கள் பல தேசங்களிலும் இருக்கிறார்கள். இது பைத்தியக்காரத்தனம் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு விவாதமில்லை. ஆனால் அந்தப் பைத்தியத்துக்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது. பழைய குமிழ்த் திரைப் பெட்டிகளில் பின்வரிசை முகங்கள் வெறும் சதைநிறத் திட்டுகளாகவே தெரிந்தன. தொடரை எடுத்தவர்களும் அவை அதற்குமேல் தெரியப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் எடுத்தார்கள். வீடியோ நாடா வந்து ஒரு கணத்தை அசையாமல் நிறுத்திவைக்க வழி செய்தது. பிறகு, 2012க்கும் 2014க்கும் இடையில், ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அடுத்த தொடரின் மூலப் படச்சுருள்களை எடுத்துப் புதிதாகப் பிரதி செய்து உயர்ந்த தெளிவில் வெளியிட்டபோது, முகங்களின் மரு முதற்கொண்டு தெரிய ஆரம்பித்தது. விளையாட்டாகத் திரைப் பலகைகளில் பொறித்துவைத்த சின்னஞ்சிறு எழுத்துகள்கூட வாசிக்கக் கிடைத்தன. யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று எழுதிய எழுத்தை வாசிப்பதில் ஒரு தனி உல்லாசம் உண்டு.

திரைக்கு வெளியேயும் தடயங்கள் இருக்கின்றன. இன்ன தேதியில் இத்தனை மணிக்கு இன்னின்னார் வர வேண்டும் என்று தட்டச்சில் அடித்து விநியோகித்த தினசரி அழைப்புத் தாள்கள் முதலாவது. முதல் தொடரைப் பற்றி அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி சேர்த்துவைத்த காகிதங்கள் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டாவது, துணிமணிகள். 2006ஆம் வருஷம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஸ்டார் ட்ரெக் சம்பந்தமான பொருள்களை ஏலம் விட்டது. தொடர்ந்து வேறு விற்பனைகளிலும் சீருடைகள் ஏராளமாக வெளியே வந்தன. சட்டையைத் திருப்பிப் பார்த்தால், கழுத்துப் பட்டைக்குக் கீழே, தையல்காரர் தம்முடைய சௌகரியத்துக்காக மையில் எழுதித் தைத்துவைத்த ஒரு துண்டுத் துணி: அணிந்தவரின் பெயர். படத்தின் முடிவில் ஓடும் பெயர் வரிசையில் இடம் கிடைக்காத எத்தனையோ பேருக்கு இந்த இரண்டங்குலத் துணிதான் சாசனம்.

இந்தச் சாட்சியங்களை ரசிகர்கள் எடைபோடும் முறை, பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கிற பண்டிதர்களுக்கும் அபரிசிதமானதன்று. அழைப்புத் தாள் அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று சொல்லுமே ஒழிய, அவர்களில் யார் இடப்பக்கத் தூணோரம் நின்றார் என்று சொல்லாது. சட்டையிலுள்ள பெயர் அது யாருக்காகத் தைத்தது என்று சொல்லும். ஆனால் அதே சட்டையைப் பிரித்துத் தைத்து மறு வருஷம் வேறொருவர் போட்டிருக்கலாம். முகச் சாயல் எல்லாவற்றிலும் மோசமான சாட்சி, ஏனென்றால் பார்க்க விரும்புகிறவன் கண்ணுக்கு எல்லா முகமும் சாயலாகவே தெரியும். நடிகரே வந்து ‘அது நான்தான்’ என்று சொல்வதை முடிந்த முடிவாகக் கொள்ளலாம் என்று தோன்றும். முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதருடைய ஞாபகம் அவருக்கே எவ்வளவு உபகாரம் செய்யும் என்பதை நாம் அறிவோம். ஆகையால், சுயேச்சையான இரண்டு சாட்சியங்கள் ஒத்துவந்தாலன்றிப் பெயரை எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டிருப்பவர்களிடத்தில்தான் எனக்கு மரியாதை.

பாஸ்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த வில்லியம் பிளாக்பர்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவர் மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லிக்குப் பதிலாக விளக்குகளின்முன் நின்றவர் அவர். செகாவ் இல்லாத வேளைகளில் முன்வரிசைப் பலகையில் ஹாட்லி என்ற பெயருடன் அமர்ந்தவர். காத்திருக்கும் வேளை மிகுதியும் உள்ள உத்தியோகம் அல்லவா? அவர் ஒரு சின்ன எட்டு மில்லிமீட்டர் காமிராவைக் கொண்டுவந்து படப்பிடிப்புத் தளத்தில் நடப்பவற்றைத் தம் பொழுதுபோக்காகப் படம்பிடித்து வைத்தார். சுமார் நாற்பது வருஷங்கள் கழித்துத் தொடரைப் புதுப்பித்துக் குறுந்தட்டுகளில் வெளியிட்டபோது, அந்தச் சுருள்களையும் அவருடைய நினைவுகளையும் சேர்த்து அநுபந்தமாகக் கொடுத்தார்கள். பிரதான நடிகர்கள் வேஷம் கலையாத முகத்தோடு சிரித்துக் கேலி பேசிக்கொண்டிருக்கும் காட்சிகள் நமக்குக் கிடைத்திருப்பது, யாருமே பார்க்காத ஒருவர் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்ததனால்தான்.

பின்னால் நிற்பவர்கள் ஏன் பேசுவதில்லை என்ற கேள்விக்கு ரஸமான பதில்கள் பல சொல்லலாம். உண்மையான பதில் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்க நடிகர் சங்கத்தின் ஒப்பந்தப்படி, கூட்டத்தில் நிற்கும் துணை நடிகருக்கு ஒரு வரி வசனம் கொடுத்துவிட்டால் அவர் பேசும் நடிகராக உயர்ந்து, ஊதியமும் பல மடங்கு உயர்ந்துவிடும். எனவே, அபாயமான செய்தியைக் கேட்டும் வாய்திறவாமல் தலையை மட்டும் ஆட்டுகிற விண்வெளி வீரர்களின் அந்தக் கம்பீரமான மௌனத்துக்குத் தயாரிப்பாளரின் சிக்கனமே மூலகாரணம். இந்த நிர்ப்பந்தத்தையே ஒரு ஹாஸ்யமாக மாற்றியவர்கள் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற பிந்திய ஸ்டார் ட்ரெக் தொடரை எழுதியவர்கள். மதுக்கடையில் சதா உட்கார்ந்திருக்கும் மோர்ன் என்ற பெருத்த உருவம் ஓயாத வாயாடி என்று எல்லாப் பாத்திரங்களும் சொல்வார்கள். நாம் பார்க்கும்போது மட்டும் அது ஒரு வார்த்தையும் பேசாது. அந்த முகமூடிக்குள் இருந்தவர் மார்க் ஆலன் ஷெப்பர்ட். 1998இல் மோர்ன் இறந்துவிட்டதாக ஒரு கதை வருகிறது. காலியான நாற்காலியை வெறுமையாக விடக் கூடாதென்று கடைக்காரர் குவார்க் யாரோ ஒருவரைக் கூட்டிவந்து அதில் உட்காரவைக்கிறார். முகமூடி இல்லாமல் வந்து அந்த நாற்காலியில் அமர்கிற அந்த யாரோ ஒருவர் ஷெப்பர்டேதான். தொடரை எழுதியவர்களே தங்கள் பின்வரிசையை நோக்கிச் செய்த நமஸ்காரம் என்று இதைச் சொல்லலாம்.

இதுவரை சொன்னது மனிதர்களைக் கண்டுபிடிப்பது. இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு காரியமும் நடந்துகொண்டிருக்கிறது: பாத்திரங்களைக் கண்டுபிடிப்பது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், மாஸ் ஐஸ்லி என்ற துறைமுகப் பட்டணத்துச் சாராயக் கடைக்குள் கதாநாயகன் நுழையும் காட்சியைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் அதை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் நோயுற்றுவிட, ஜந்துக்கள் போதவில்லை என்று இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸுக்குக் குறை. பிற்பாடு அமெரிக்காவில் ரிக் பேக்கரையும் அவருடைய சகாக்களையும் கொண்டு, முன்பே செய்துவைத்திருந்த முகமூடிகளையும் சேர்த்துக்கொண்டு, மேலும் சில துண்டுக் காட்சிகளை எடுத்து நடுநடுவே ஒட்டினார்கள். இவ்வளவு அவசரத்தில் உருவான அந்தக் கும்பலுக்குப் பெயர் வைக்க யாருக்கு நேரம்? படம் ஓடி, குழந்தைகள் பொம்மை கேட்டபோதுதான் சங்கடம் வந்தது. பொம்மை விற்க வேண்டுமானால் அட்டையில் ஒரு பெயர் அச்சிட்டாக வேண்டும். கென்னர் என்ற பொம்மைக் கம்பெனி, சுத்தியல்போல் தலையுள்ளதற்கு ஹாமர்ஹெட் என்றும், கடல்யானைபோல் தந்தமுள்ளதற்கு வால்ரஸ் மேன் என்றும், துருத்திய பல்லுக்கு ஸ்னாகில்டூத் என்றும், கண்ணுக்குத் தெரிந்ததையே பெயராக வைத்துவிட்டது. அந்தப் பல்லனுடைய முழு உருவமும் கம்பெனிக்கு எட்டாததால், முதலில் நீலச் சட்டையும் நெடிய உடம்பும் பூட்ஸுமாக ஒரு பொம்மை செய்து, அவன் உண்மையில் குள்ளன் என்று தெரிந்த பிறகு சிவப்புச் சட்டையில் குட்டையாக வேறொன்று செய்தார்கள். அந்தப் பிழையான நீலப் பொம்மைக்குத்தான் இன்று சேகரிப்பவர்களிடம் கிராக்கி.

பார்த்ததையே பெயராக்கும் இந்த நாமகரணம் நமக்குப் புதிதல்ல. சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்களின் கையில் செய்யுள் இருந்தது, செய்தவர் பெயர் இல்லை. செய்யுளில் வந்த ஓர் அழகான சொற்றொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடுமுன்றிலார் என்றும், குப்பைக்கோழியார் என்றும், மீனெறிதூண்டிலார் என்றும் அவர்களைச் சுட்டிவிட்டு மேலே போனார்கள். அவர்களுடைய விவேகம் அந்த ‘மேலே போனார்கள்’ என்பதில் இருக்கிறது. குப்பைக்கோழியார் எந்த ஊரில் பிறந்தார், யாரோடு பகைத்தார், எதனால் நாடுவிட்டு நாடு போனார் என்று அவர்கள் ஒரு புராணம் கட்டவில்லை. பெயர் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துச் செய்யுளைத் தூக்கலாம், அவ்வளவே.

ஸ்டார் வார்ஸில் கைப்பிடியோடு நிற்கவில்லை. 1987இல் வந்த பாத்திரமேற்று ஆடும் மேஜை விளையாட்டும், 1990களின் சீட்டாட்டமும், கதைத் தொகுதிகளும் ஆளுக்கொரு ஜாதகம் எழுத ஆரம்பித்தன. வால்ரஸ் மேன் பாண்டா பாபா ஆனார். ஹாமர்ஹெட் மோமா நேடன் ஆனார். அவருக்கு ஒரு தாய்க் கிரகம், அங்கிருந்து விலக்கிவைக்கப்பட்ட துக்கம், ஒரு ரகசியத் தோட்டம் எல்லாம் உண்டாயின. 1995இல் கெவின் ஜே. ஆண்டர்சன் பதிப்பித்த தொகுதி ஒன்று முழுவதும் அந்த ஒரே சாராயக் கடையில் அன்றைக்கு இருந்தவர்களின் கதைகள். அதிலே ஓநாய் முகமுள்ள லாக் சிவ்ராக் என்பவருக்கு ஒரு காதல் கதையும் கிடைத்தது. இரண்டே வருஷத்தில், 1997இல், லூக்காஸ் படத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது, அந்த ஓநாய் முகமூடி பழைய திகில் படத்து வேஷம்போல் தெரிகிறது என்று கருதினாரோ என்னவோ, அதை அறுத்தெறிந்துவிட்டு, வேறொரு ஜந்துவை அங்கே உட்காரவைத்துவிட்டார். படத்தில் ஆள் இருந்து சரித்திரம் இல்லாத காலம் போய், சரித்திரம் இருந்து படத்தில் ஆள் இல்லாத நிலை!

இவ்விஷயத்தில் என் அபிப்பிராயத்தை ஒளிக்க வேண்டியதில்லை. அந்தச் சாராயக் கடை நம்மை வசப்படுத்தியதற்குக் காரணமே, அங்கிருந்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியாமல் இருந்ததுதான். இவர்களுக்கும் ஒரு ஜோலி இருக்கிறது, இன்று மாலை போகவேண்டிய இடம் இருக்கிறது, அது நம்முடைய கதாநாயகனுக்குச் சம்பந்தமில்லாதது என்ற உணர்வினால், கதைக்கு வெளியே உலகம் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றியது. ஒவ்வொருவருக்கும் பெயரும் பின்கதையும் எழுதி, அந்தப் பின்கதையும் சுற்றிச் சுற்றி படத்தில் வரும் அதே கலகத்திலும் அதே சக்கரவர்த்தியிடத்திலும் போய் முட்டும்படி செய்துவிட்டபோது, பிரபஞ்சம் சுருங்கி, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு சிற்றூராகப் போய்விட்டது. பாத்திரத்துக்குப் பெயர் வைக்க வைக்க உலகம் குறுகுகிறது. ஆனால் அதே முகமூடியைக் கழற்றி உள்ளே இருந்த மனிதர் யார் என்று கேட்டால், ஸ்டூடியோவின் கதவு திறந்து, 1976இன் இங்கிலாந்தும், அன்றைய கூலியும், வியர்வையும், நாடகக் கொட்டகைகளும் கண்முன் வருகின்றன. அந்தப் பக்கம் உலகம் விரிகிறது. முதல் காரியத்துக்குக் கற்பனை போதும், இரண்டாவதற்கு உண்மை வேண்டும் என்பதும் ஒரு வித்தியாசம்.

பாத்திரப் பெயர்களில் எனக்கு மனமிளகுவது ஒன்றே ஒன்று. 1980இல் வந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ என்ற அடுத்த ஸ்டார் வார்ஸ் படத்தில், மேக நகரத்தை விட்டு ஜனங்கள் தலைதெறிக்க ஓடும்போது, ஆரஞ்சு நிற உடையில் ஒருவர் ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரம் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இரண்டு மூன்று விநாடிக்குமேல் இல்லை. யாரோ ஓர் உதவியாளர், ‘கையில் எதையாவது எடுத்துக்கொண்டு ஓடுங்கள்’ என்று அகப்பட்டதை எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுச் சமையலறையில் அதே இயந்திரத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவருக்கு வில்ரோ ஹூட் என்று பெயரும், கையிலிருந்தது கலகக்காரர்களைப் பற்றிய ரகசியத் தகவல் அடங்கிய கருவி என்று விளக்கமும் ஏற்பட்டன. ரசிகர்கள் தங்கள் மகாநாடுகளில் ஆரஞ்சு உடையும் ஐஸ்கிரீம் இயந்திரமுமாகக் கூட்டமாக ஓடிக் காட்டுகிறார்கள். 2019இல் ‘தி மாண்டலோரியன்’ தொடரில் அதே வடிவமுள்ள பெட்டி விலையுயர்ந்த உலோகத்தை வைக்கும் பெட்டகமாக, காம்டோனோ என்ற பெயருடன், தலைநிமிர்ந்து வந்து நிற்கிறது. நகரம் எரியும்போது எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம் என்று யாராலும் சொல்ல முடியாதாகையால், ஐஸ்கிரீம் இயந்திரமும் எனக்கு அசம்பாவிதமாகப் படவில்லை.

முகமே இல்லாத இடத்தில் அடையாளத் தேடல் எப்படித் தடுமாறுகிறது என்பதற்கும் முதல் படத்திலேயே உதாரணம் இருக்கிறது. வெள்ளைக் கவசம் அணிந்த காவல் வீரர்கள் ஓர் அறைக்குள் விரைந்து நுழையும்போது, வலப்பக்கத்து வீரர் ஒருவர் கதவின் மேல்விளிம்பில் நங்கென்று தலையை இடித்துக்கொள்கிறார். அன்று எடுத்தவர்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்கள். 2004இல் டிவிடியாக வெளியிட்டபோது, அந்த இடிக்கு ஒரு சத்தத்தையும் சேர்த்துப் பிழையைச் சாசுவதமாக்கினார்கள். அது தான்தான் என்று லாரி குட் என்ற நடிகர் சொல்கிறார். மைக்கேல் லீடர் என்பவரும் தாம்தான் என்று சொல்லியிருக்கிறார். தலைக்கவசத்துக்குள் யார் தலை இருந்தது என்று இனி எந்தப் படச்சுருளும் சொல்லப்போவதில்லை. சாதாரணமாகத் தவறுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. இங்கே ஒரு தவறுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

இன்னொன்றும் அந்தப் படத்திலேயே. வெட்ஜ் என்ற விமானி, போருக்கு முந்திய ஆலோசனைக் கூட்டத்தில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறபோது அவர் காலின் ஹிக்கின்ஸ். விமானத்தில் ஏறிய பிறகு டெனிஸ் லாசன். காதில் விழும் குரல் டேவிட் ஆங்க்ரம். பாஸ்கி என்ற ஒருவர் பல உயிர்களை வாழ்ந்தார் என்றால், வெட்ஜ் என்ற ஓர் உயிரை மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். ஹிக்கின்ஸுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் ‘போலி வெட்ஜ்’. வேலையைச் செய்துவிட்டுப் போன ஒரு நடிகருக்கு இது கொஞ்சம் கொடுமையான பட்டம் என்றே நினைக்கிறேன்.

முகமூடிக்குள் இருந்தவர்களுடைய கதையை நேராகவே கேட்க விரும்புகிறவர்கள், ஜான் ஸ்பைரா எடுத்து 2015இல் வெளிவந்த ‘எல்ஸ்ட்ரீ 1976’ என்ற ஆவணப் படத்தைப் பார்க்கலாம். சிறு வேஷங்களிலும் கூட்டத்திலும் நின்றவர்கள் சிலர் தங்கள் ஜீவியத்தைச் சொல்கிறார்கள். ஸ்டார் வார்ஸில் நடித்தது அவர்களுக்கு ஒரு சில நாள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் நீண்ட வாழ்க்கை இருந்திருக்கிறது. ரசிகர் மகாநாடுகளில் மேஜை போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்துப் பணம் பெறுவதில், படத்தின் முடிவில் பெயர் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையே ஒரு ஜாதிப் பிரிவினை இருப்பதையும் ஸ்பைரா மறைக்கவில்லை. தேடப்படுவதில் மகிழ்கிறவர்களோடு, தேடியதைக் கண்டு கூசுகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். பழைய கூலி வேலை ஒன்றுக்காக யாரோ முன்பின் அறியாதவர் தம் வீட்டுக் கதவைத் தட்டுவதை விரும்பாதவரை அநாமதேயராகவே விட்டுவிடுவதும் இந்த சாஸ்திரத்தின் ஒரு விதியாக இருந்தால் நல்லது.

தேடுகிறவர்களே பின்வரிசையில் போய் நின்ற சம்பவம் ஒன்று உண்டு. 1979இல் ஸ்டார் ட்ரெக் முதன்முதலாகச் சினிமாவாக வந்தபோது, கிர்க் கப்பலின் சிப்பந்திகள் அனைவரையும் பெரிய மண்டபமொன்றில் கூட்டி, நெருங்கிவரும் ஆபத்தைத் திரையில் காட்டுகிற காட்சிக்கு நூற்றுக்கணக்கான பேர் வேண்டியிருந்தது. சம்பளத் துணை நடிகர்களோடு தொடரின் ரசிகர்களையும் அழைத்துச் சீருடை கொடுத்து நிறுத்தினார்கள். 1968இல் தொடரை நிறுத்தவிடாமல் கடித இயக்கம் நடத்திய பிஜோ டிரிம்பிள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். டிரிபிள்கள் என்னும் உரோம உருண்டைகளைப் பற்றிய புகழ்பெற்ற அத்தியாயத்தை எழுதிய டேவிட் ஜெரால்டும் இருக்கிறார். ரசிகர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இன்ன வரிசையில் நிற்பது இன்னார் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ளவும் எழுதிவைக்கவும் அவர்களுக்கு முடிந்தது. அன்றைக்குக் கூலிக்கு வந்து அவர்களுக்குப் பக்கத்தில் அதே சீருடையில் நின்று, மாலையில் கணக்குத் தீர்த்துக்கொண்டு போனவர்களில் அத்தனை பேருடைய பெயரும் இன்னும் கிடைத்தபாடில்லை.